என் வாய்க்குள் இருந்த வயசு

என் கடைவாய்ப்பல் விரிசல் விட்டதற்குக் காரணம் வறுத்த புளியங்கொட்டை. சீரியல் பார்க்கும்போது என் வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு 'டக்'கென்று ஒரு சத்தம். உடைந்தது கொட்டை அல்ல. மறுநாள் ஒரு வாய் மோர் குடித்தேன், வலி காது வரைக்கும் போய்த் திரும்பியது.

"ஆ காட்டு புள்ள, பாக்கறேன்" என்று வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து நின்றார்.

"செத்தாலும் காட்டமாட்டேனுங்க" என்றேன்.

காரணம் இருக்கிறது. அவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது எனக்கு இருபது வயசு என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். நிஜத்தில் இருபத்து நாலு. மாப்பிள்ளைக்கு இருபத்து மூணு. என் அப்பா ஜாதகத்தையே புதுசாக எழுதவைத்து, மஞ்சள் தடவி, பழசு மாதிரி கசக்கியும் வைத்தார். கெட்டிக்கார மனுசன். கல்யாணமான மறுவாரம் இவர் என்னை வேலந்தாவளம் சந்தைக்குக் கூட்டிப்போனார். மாட்டுச் சந்தையில் ஒரு தரகர், மூணு வயசுதான் என்று ஒரு மாட்டைக் காட்டினார். இவர் அதன் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார்.

"அஞ்சு முடிஞ்சிருச்சுங்க. யாருகிட்ட கதை உடறீங்க?"

தரகர் வாயை மூடிக்கொண்டார். நானும்தான்.

அன்றிலிருந்து முப்பது வருஷம். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். கொட்டாவி வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவேன். ஊரில் எனக்கு அடக்கமான மருமகள் என்று பெயர். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! முதலில் அப்பாவின் மானம் சந்தி சிரித்துவிடுமே என்ற பயம். அப்புறம் வேறு பயம். கூடவே இருந்து என்னை ஏமாத்தியிருக்கியே என்று இவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்னால் தாங்கமுடியாது.

நாலு நாள் கிராம்பை அடக்கிக்கொண்டு ஓட்டினேன். ஐந்தாம் நாள் சோறு மெல்ல முடியவில்லை. பைக்கில் உட்காரவைத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுபோனார். பல் டாக்டர் சின்னப் பெண், மலையாளி. வாய்க்குள் கேமராவை விடப்போனாள்.

"அவரு வெளிய இருக்கட்டுமுங்க."

"பேடிக்கண்டா ஆன்ட்டி, பயப்படாதீங்க. அங்கிளும் பாக்கட்டும்."

திரையில் என் பல் ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் அளவுக்குத் தெரிந்தது. இவர் முன்னால் குனிந்து, சந்தையில் சுருக்குகிற அதே மாதிரி கண்ணைச் சுருக்கினார். எனக்குப் பல்வலி மறந்தே போய்விட்டது.

"புடுங்கிரலாமுங்களா?" என்று கேட்டார், பாவி.

"எதுக்கு? விரிசல் வேர் வரை போகலை. கால்சியம் சேர்ந்த ஒரு சிமெண்ட் வெச்சு அடைக்கலாம். நரம்பை உறுத்தாது. உடம்பும் அதை அன்னியமா நினைக்காது. அடுத்த வாரம் மேல ஒரு கேப் போட்டா மதி, போதும்."

"சிமெண்டா? சொல்லியிருந்தா வாளையார் சிமெண்ட் பேக்டரில இருந்து ஒரு மூட்டை எடுத்தாந்திருப்பனுங்க." அவரே சொல்லி அவரே சிரித்தார்.

மரத்துப்போக ஊசி போட்டு, சுரண்டி, அடைத்து அனுப்பினாள். வரும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். அவர் டீ குடித்தார். நான் பாதி உதடு தொங்க, பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்புள்ள, முப்பது வருசமா எதுக்கு வாயப் பொத்தறே?"

ஏதோ சொல்லப் பார்த்தேன். எச்சில்தான் வந்தது.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு உங்கூட்டு ஆடு என்ற வேட்டிய மேஞ்சுச்சே, அப்ப வாயெல்லாம் தொறந்து சிரிச்சே. கடைசிப் பல்லு வரைக்கும் மொளச்சிருந்துச்சு, எனக்கே அப்ப அது மொளைக்கல. இருபதாம்ல இருபது! நீ என்னைய உட மூத்தவன்னு அன்னைக்கே தெரியும்."

அடப்பாவி மனுசா! முப்பது வருஷம்! பிறகு ஏன் கட்டிக்கொண்டீர்கள் என்று கேட்க நாக்கு புரளவில்லை. டீயை ஊதிக்கொண்டே அவராகச் சொன்னார்.

"அந்தச் சிரிப்புக்குத்தான் சரின்னேன். அதுக்கப்புறம் ஒருக்காகூட நீ காட்டல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. மரத்துப்போகாத பாதி வாயால் சிரித்தேன். கை எழும்பியது. அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்தேன்.