அவர் கேட்ட வெள்ளைப் பூ

துக்கம் கேட்க வந்தவர்கள் போகும்போது வாசலில் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ரோபோவில் ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அது என்னை விடமாட்டேன் என்கிறது, அதனால் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் பாதி வெளி மாநிலத்தில்தான் ஓடும். பெருங்குடல் முழுக்கப் புண் அவருக்கு, ரத்தமாகப் போகும். மூலம் என்று நினைத்து ஊர் ஊராக மருந்து தின்றார். ஆளோடு ஆளாக வண்டியில் படுத்து எழுகிற மனுஷன், வெளியே சொல்ல வெட்கப்பட்டே உடம்பைத் துரும்பாக்கிக்கொண்டார்.

சேலம் அஸ்தம்பட்டியில் பார்த்த டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. மாத்திரை, ஊசி எதற்கும் இனிக் கேட்காது, பெருங்குடலை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். வயிற்றைத் திறந்து செய்வதானால் அந்த வாரமே சேலத்திலேயே முடியும். ஒரு காகிதத்தில் வயிறு வரைந்து, நடுவில் நீளமாகக் கோடு போட்டு, பக்கத்தில் மலம் இறங்குவதற்கு ஒரு பையும் வரைந்தார். ரோபோ என்றால் கோயம்புத்தூர் போக வேண்டும், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். சின்னச் சின்னத் துளைதான், வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். "உள்ள நடக்கிற வேலை ஒண்ணுதான். போற வழிதான் வேற" என்று முடித்தார்.

வெளியே வந்ததும் இவர் முகம் தெளிந்துவிட்டது. "கெணறு வெட்டுனா தோட்டமே மண்ணாப் போயிரும் புள்ள. போர் போட்டா ஒரு தொளையோட முடிஞ்சுது" என்றார்.

உயிர் போகிறபோது துளை என்ன, கிணறு என்ன என்று நான் சண்டை பிடித்தேன். தழும்புக்குப் பயந்துகொள்கிறார் என்று நினைத்துக் கண்டபடி பேசினேன். அவர் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் எங்கள் வழக்கப்படி அம்மன் கோயிலில் பூ கேட்கப் போனோம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும். நினைத்தது என்னவென்று மட்டும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. நானும் கேட்கவில்லை. ரோபோவா, கிழிப்பதா, இதைத்தானே கேட்பார் என்று சும்மா நின்றேன். வெள்ளைதான் வந்தது. அவர் கண் கலங்கிக் கும்பிட்டார்.

கோயம்புத்தூரில் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள் வயிறு பானையாக உப்பிக் காய்ச்சல் கண்டுவிட்டது. ஓமலூர்ப் பக்கமிருந்த எங்கள் வீட்டிலிருந்து ஆம்புலன்சில் சேலத்துக்குத்தான் ஓடினோம். குடல் ஓட்டையாகிவிட்டது, ரோபோவுக்கெல்லாம் நேரமில்லை என்றார் அதே டாக்டர். திறந்து பார்த்தபோது அழுக்கு வயிறு முழுக்கப் பரவியிருந்ததாம்.

நினைவு திரும்பியதும் அவர் கை போர்வைக்குள் போனது. பையைத் தடவிப் பார்த்தார். பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"ரோபோல செஞ்சிருந்தா இந்தப் பை இருந்திருக்காது. பை இல்லாமப் பொழைப்பனான்னுதான் ஆத்தாகிட்டக் கேட்டேன். இதைக் கட்டிக்கிட்டு வண்டியில ஆளுகளோட எப்படிப் படுக்கிறது?"

இதற்காகவா அத்தனை பிடிவாதம்? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. அந்த நேரத்தில் மறைக்கவும் தோன்றவில்லை.

"அதுலயும் பை உண்டுங்க. உள்ள வேலை ஒண்ணுதான்னு டாக்டர் சொன்னாரே."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்ப அன்னிக்கே இங்கயே ஆபரேசனுக்குப் படுத்திருப்பனே, புள்ள" என்றார்.