காணாமல் போகாத கன்று

பதினொரு மாதம் காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்துவிட்டு நான் செஞ்சிக்குத் திரும்பியபோது எனக்கு இருபத்தாறு வயது. அறுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். நெஞ்சு ஆறிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்குத் திரும்புவதற்கு முன்னால் உடம்பு தேற ஒரு கட்டளை மட்டும் போட்டார். தினமும் நடக்க வேண்டும். மலை ஏறக் கூடாது. சமதரையில் மெதுவாக நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்ட வேண்டும்.

சொல்வது அவருக்குச் சுலபம். எங்கள் ஊரில் அப்போது சும்மா நடக்கிறவன் என்று ஒருவன் கிடையாது. கையில் பையோ தலையில் சுமையோ இல்லாமல் ஒருவன் நடந்தால் பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பதால் அப்படிக் கேட்க மாட்டார்கள். ‘இன்னா, இவ்ளோ தூரம்?’ என்பார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் தப்ப முடியாது. டாக்டர் நடக்கச் சொன்னார் என்றால், எந்த டாக்டர், எதற்கு என்று போய்க் கடைசியில் ஆஸ்பத்திரியின் பெயரில் வந்து நிற்கும். அங்கே வந்து நின்றால் என் தங்கையின் கல்யாணம் நின்றுவிடும். நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே ஒரு வரன், எங்கள் வீட்டில் என் இருமலைக் கேட்டுவிட்டு, காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போயிருந்தது. இப்போது அவலூர்பேட்டையிலிருந்து இன்னொரு இடம் வந்திருந்தது. நான் வேலை விஷயமாக வெளியூரில் இருந்ததாக அவர்களிடம் அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

நடப்பதற்கான காரணத்தையும் அம்மாவே கண்டுபிடித்தாள். கன்றுக்குட்டியைக் காணோம், தேடுகிறேன் என்று சொல்லச் சொன்னாள். நம்மிடம் மாடே கிடையாதே என்றேன். கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டு, ஒரு கயிற்றைச் சுருட்டி என் கையில் திணித்தாள். பொய் சொல்வதில் அவளுக்கு இருந்த நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

ராஜகிரி மலையடியில் கோட்டை மதில் ஓரிடத்தில் சரிந்து கிடக்கும். அதன் வழியாக நுழைந்தால் ஆடு மாடு போய்ப் போய் உண்டான ஒற்றையடிப் பாதை. முதலில் காடு. காடு என்றால் பெரிய மரங்கள் இல்லை. உசிலையும் வெப்பாலையும் காரையும் களாவுமாக, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதைத் தாண்டினால் திடீரென்று வெட்டவெளி, முழங்கால் உயரப் புல். புல்வெளியைச் சுற்றிக்கொண்டு ஒரு சின்னக் குளத்தின் கரைமேல் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். மொத்தம் மூன்று மைல் இருக்கும்.

ஓட்டுக்கூரையையும் பக்கத்துக் கட்டில்காரரின் முதுகையும் பார்த்துக் கிடந்தவனுக்கு அந்த மூன்று மைலும் திருவிழாக் கடைத்தெருவாக இருந்தது. காடு ஏன் அந்த இடத்தோடு பட்டென்று நின்றுபோகிறது என்பது என் மண்டையைக் குடைந்தது. ஒருநாள் குச்சியால் புல்லுக்கடியில் குத்திப் பார்த்தேன். ஒரு சாண் மண், அதற்குக் கீழே பாறை. நாலு இடம் தள்ளித் தள்ளிக் குத்தினேன், அங்கேயும் பாறை. மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு முடிவதில்லை, புல்லுக்கடியிலும் படுத்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட அன்று எனக்கு உண்டான சந்தோஷம், வேலைக்கு ஆர்டர் வந்த அன்றுகூட இல்லை. வேட்டியில் குத்திக்கொண்ட ஊசிப்புல்லை எறிந்துவிடாமல், எச்சில் பட்டதும் அது தானாக முறுக்கிச் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூச்சு வாங்கி உட்கார்ந்த ஒவ்வொரு இடத்திலும் பார்க்க ஏதாவது கிடைத்தது. அதனாலேயே உட்கார்வது எனக்குக் குறையாகப் படவில்லை.

புல்வெளியில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பாள். நாற்பது வயது இருக்கும். முதல் நாளே ‘இவ்ளோ தூரம்’ என்றாள். கன்றுக்குட்டி என்றேன். அத்தோடு விடுவாள் என்று நினைத்தேன். என்ன நிறம், சுழி எங்கே, எத்தனை மாதம் என்று துருவினாள். செவலை, நெற்றியில் வெள்ளை, ஆறு மாதம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். ஒரே வாரத்தில் விறகு பொறுக்குகிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள் எல்லோரும் என் கன்றைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். பனமலைப் பக்கம் ஒன்று திரிவதாகக்கூடச் சேதி வந்தது. ஒருநாள் ஒரு விறகுக்காரர், நெற்றியில் வெள்ளை உள்ள செவலைக் கன்று ஒன்றை நிஜமாகவே இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். எனக்கு வியர்த்துவிட்டது. என் கன்றுக்கு இடது காது கிழிந்திருக்கும் என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. யாருடையதோ அந்தக் கன்றை, பிடித்த இடத்தில் விட்டுவர மறுபடியும் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் கயிற்றோடு போனேன்.

தை பிறந்து புல் பழுக்கத் தொடங்கியது. கன்று இன்னும் கிடைக்கவில்லை என்று நான் சொன்ன ஒருநாள், அந்த ஆட்டுக்காரப் பெண் சிரிக்காமல் சொன்னாள்.

“இன்னும் கொஞ்ச நாளு உட்டீன்னா, அதுவே ஒரு கன்னு போட்டு இட்டாந்துடும் தம்பி.”

நானும் சிரிக்காமல் தலையாட்டிவிட்டு நடந்தேன்.

மாசியில் அவலூர்பேட்டைக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தானிய மண்டி வைத்திருந்தவர், அளந்து பேசுகிறவர். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். நான் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்பது பத்து நாளுக்கு முன்பே அவர் காதுக்கு எட்டிவிட்டதாம். வேண்டாம் என்று சொல்லி அனுப்ப இருந்தார்களாம். நான் தினமும் கோட்டைப் பக்கம் போகிறேன் என்று யாரோ சொல்ல, எதற்கும் ஒருமுறை விசாரித்துவிடலாம் என்று இரண்டு நாள் முன்பு அங்கே போயிருக்கிறார்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே தங்கையின் வளையல் சத்தம் நின்றுவிட்டது. கன்றுக்குட்டிக் கதையை இவர் கேட்டிருப்பார், இது பொய்க்கு மேல் பொய் சொல்கிற குடும்பம் என்று முடிவு கட்டியிருப்பார் என்று நினைத்தேன். தங்கையின் வாழ்க்கையை என் நோய் பாதி கெடுத்தது, மீதியை நானே நடந்து நடந்து கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

புல்வெளியில் ஆடு மேய்க்கிற பெண்ணிடம்தான் அவர் கேட்டிருக்கிறார். இங்கே நடக்கிற ஆளுக்கு நோய் என்கிறார்களே, தெரியுமா என்று. தெரியும் என்றாளாம். கன்றைத் தேடுகிறவன் தரையில் குளம்படியையும் சாணியையும் பார்ப்பான்; இவர் மரத்தையும் குருவியையும் பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு போனார்; முதல் நாளே தெரிந்துபோயிற்று, பாவம் நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்றாளாம். அதற்கு மேல் அவள் சொன்னதை, அவர் அவள் பேச்சிலேயே எங்களுக்குச் சொன்னார்.

“வந்த புதுசுல அந்தத் தம்பி ஏழு எடத்துல ஒக்காந்துச்சி. பொங்கலுக்கு மூணாச்சி. இப்ப ஒரு மாசமா எங்கயும் ஒக்கார்றதில்ல. நான் எண்ணிக்கினுதான் இருக்கேன். அதுக்கு இப்ப ஒண்ணும் இல்ல, நல்லா இருக்குது.”

மறைத்ததில் தனக்கு வருத்தம்தான் என்று அவர் அம்மாவிடம் சொன்னார். ஆனால் ஆள் தேறிவிட்டார், நாள் பாருங்கள் என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை இடத்தில் உட்கார்கிறேன் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. ஏழு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.