ஏழாம் வளைவில் நின்றவள்

தெரியாத நம்பர் என்றால் பெற்றீசியா எடுக்க மாட்டாள். பரிசு விழுந்திருக்கிறது, கார்டு நம்பரைச் சொல்லுங்கள் என்று லிந்துலையில் நிறையப் பேரை ஏமாற்றியிருந்தார்கள். அன்றைக்கு மகளாக இருக்கும் என்று நினைத்து எடுத்துவிட்டாள்.

"'ஏழாம் வளைவு' படத்துல நடிச்ச பெற்றீசியா நீங்கதானே?" என்றது ஒரு பெண் குரல்.

அவள் உடனே துண்டித்தாள். போனை அரிசி வாளிக்குள் போட்டு மூடினாள். அந்தப் படத்தின் பெயரை அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்து அவர்கள் தோட்டத்தில் அந்தக் கொலைக்கதையைப் படமாக்கியது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி, பனிக்குள் ஒருவன் பிணத்தை இழுத்துப் போவதைப் பார்த்துவிடுகிறாள். பொலிஸ் கேட்கும்போது பயத்தில் எதையும் பார்க்கவில்லை என்கிறாள். அந்தப் பெண்ணாக நடித்தவள் பெற்றீசியா. அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

படம் வெளிவருவதற்குள் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த லோரன்ஸுக்கு மனைவியாகியிருந்தாள். ஹட்டன் தியேட்டரில் படம் நாலு நாள்கூட ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் பார்க்கப் போனபோது போஸ்டரையே மாற்றியிருந்தார்கள். ஆனால் லோரன்ஸோடு வேலை செய்த மூக்கன் அதற்கு முன்பே பார்த்துவிட்டான்.

"படகு வீட்டுல ஒரு சீன் வருது மச்சான். ஒன் சம்சாரமும் அந்த வில்லனும்... நீ பாக்காம இருந்ததே நல்லது."

லோரன்ஸ் அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டார். அவள் இல்லை என்றாள். அதோடு சரி. ஆனால் பூண்டுலோயாவில் அக்கா வீட்டுக்கு அவள் போனால், மறுநாள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அவரும் அங்கே வந்து நிற்பார். டிவியில் தேயிலைத் தோட்டம் வரும் படம் எதுவானாலும் எழுந்துபோய் நிறுத்திவிடுவார். பெற்றீசியா தான் ஆயாவாக வேலை பார்த்த பிள்ளைக்காம்பராவில் ஊரார் குழந்தைகளைத் தூங்கவைத்துக்கொண்டே இதைப் பற்றித்தான் யோசிப்பாள். படகு வீட்டில் அவள் நடித்ததே கிடையாது. ஆனால் படத்தை அவளும் பார்த்ததில்லையே. தனக்குத் தெரியாமல் எதையாவது ஒட்டிச் சேர்த்திருப்பார்களோ? அந்தப் படம் எங்கேயோ அழிந்துபோயிருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதும் உண்டு.

போனில் பேசிய பெண் விடவில்லை. ஒரு போயா விடுமுறை நாளில், கேமராப் பையோடு அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே வந்துவிட்டாள். பெயர் சுதர்ஷினி. அப்பாவுக்கு அக்கரப்பத்தனைதான் சொந்த ஊர் என்றாள்.

"யாரு அனுப்பினது?" என்று லோரன்ஸ் வாசலை மறித்துக்கொண்டு கேட்டார்.

"யாரும் அனுப்பலங்க அங்கிள். ஒரு ஸ்டோர் ரூம்ல படத்தோட பிரதி கெடைச்சிச்சு. சுத்தம் பண்ணி டிவிடியா வெளியிடுறோம். ஆன்ட்டியோட பேட்டியும் அதுல சேத்தா நல்லா இருக்கும்."

"முப்பது வருஷமா யாருக்கும் வேணாம். இப்ப மட்டும் எதுக்கு?"

அவர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பெற்றீசியாவின் சந்தேகம் வேறு. அவள் அந்தப் பெண்ணின் கையிலிருந்த டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போடு புள்ள. பாத்துருவோம்" என்றாள்.

பிளேயரில் இருந்த மாதா பாட்டு டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு இதைப் போட்டார்கள். பனி, மலை, வளைவில் நிற்கும் ஒல்லிப் பெண். வாயசைப்பது அவள், குரல் வேறு யாருடையதோ. பெற்றீசியாவுக்குச் சிரிப்பு வந்தது. லோரன்ஸ் சிரிக்கவில்லை.

முக்கால்வாசிக்கு மேல் படகு வீடு வந்தது.

விளக்கில்லாத அறை. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். கொலைகாரன் அவளைப் பின்னாலிருந்து இழுத்து அணைக்கிறான், தோளிலிருந்து சேலை சரிகிறது. பச்சைக் கரை போட்ட அந்தச் சேலை பெற்றீசியாவுடையது. படப்பிடிப்பு முடிந்த அன்று, ஞாபகத்துக்கு வேண்டும் என்று படக்காரர்கள் கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள்.

லோரன்ஸ் எழுந்து வெளியே போனார்.

பெற்றீசியா டிவியை நிறுத்தினாள். "அது நான் இல்ல" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"தெரியும் ஆன்ட்டி. அது பொறவு கொழும்புல எடுத்தது. வேற ஒரு அக்கா. கேமராமேன் தன்னோட பேட்டியில அதைச் சொல்லியிருக்காரு. அங்கிளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டவா?"

பெற்றீசியாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"வேணாம். நான் சொன்னப்ப நம்பல. கேமராக்காரரு சொன்னா நம்புவாரா? அப்படி ஒரு நம்பிக்கை எனக்குத் தேவையில்ல. நீ ஒன் கேமராவை வை."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பனியில் நின்றதை, குளிரில் வசனம் மறந்ததை, அவர்கள் சேலையைக் கேட்டு வாங்கியதை எல்லாம் சொன்னாள். கடைசியில், "படகு வீட்டுல இருக்கது நான் இல்ல. என்னைக் கேக்காம என் சீலைய வேற ஆளுக்குக் கட்டிவிட்டு, என் பேருல ஓட்டியிருக்காங்க. இதை வெட்டாம அப்படியே போடணும்" என்றாள்.

சுதர்ஷினி போன பிறகு லோரன்ஸ் உள்ளே வந்தார். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார்.

"அது நீ இல்ல" என்றார். "அவ தோளைத் தூக்கி நிக்கிறா. நீ அப்படி நிக்க மாட்ட."

"அப்ப எதுக்கு எந்திரிச்சுப் போனீங்க?"

"ஒன் மூஞ்சியப் பாக்க முடியல. இத்தன வருசம்..."

அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

டிவிடி வெளியானதும் பிரதி ஒன்று தபாலில் வந்தது. உறையில் பெற்றீசியாவின் முகம் இருந்தது. லோரன்ஸ் மூக்கனைக் கூப்பிட்டு, பேட்டியை முழுக்கப் பார்க்கவைத்தார். மூக்கன் பார்த்து முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். இப்போது அவள் பூண்டுலோயாவுக்குத் தனியாகப் போய் ரெண்டு நாள் தங்கிவிட்டு வருகிறாள். பின்னால் யாரும் வருவதில்லை.

ஆனாலும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு எண்ணம் வரும். லயத்துச் சுவர் பலகைச் சுவர், உள்ளே பேசினால் வெளியே கேட்கும். கேமராமேன் சொன்னதைச் சுதர்ஷினி சொல்லும்போது லோரன்ஸ் வெளியே எங்கே நின்றிருப்பார்? தோளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாரா, காதில் விழுந்ததா? கேட்டால் சொல்லுவார். சொன்னால் நம்புவோமா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.