வளவை விட்டுப் போகாத யானைப் புத்தகம்

எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஒரு புத்தகத்தை ஒரு கிழமைதான் வைத்திருக்கலாம். யானைப் புத்தகத்தை ஒருத்தி திருப்பித் தந்ததும், பின்னால் நிற்கும் அவளுடைய சாச்சியின், அதாவது தாயின் தங்கையின், மகள் எடுத்துக்கொள்வாள். மறு கிழமை இருவரும் இடம் மாறுவார்கள். கலியாணம் முடித்த சகோதரிகளும் ஒரே வளவுக்குள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருக்கும் ஊர் இது. புத்தகம் அந்த வளவை விட்டு வெளியேறவே இல்லை. திகதி முத்திரைகளைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

"இனி உங்க ரெண்டு பேருக்கும் இல்ல," என்றேன்.

அப்போது வேறொருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "எனக்கு ஒருநாளும் கிடைக்கல்ல, டீச்சர்."

மனம் இளகி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

வாசலில் மூவரும் கைகோத்தார்கள்.

"இவ ஆரு?" என்று முதல் இருவரிடமும் கேட்டேன்.

"எங்கட பெரியம்மாட மகள், டீச்சர். அழச் சொன்னது நான்தான்!"