குடை வந்த வண்டி

காலை ஆறரை மணிக்குக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கலஹா பஸ் ஏறினேன். டிக்கெட் எட்டு ரூபாய். மடியில் பித்தளைத் தாம்பாளம்; அதைப் பார்த்துக் கண்டக்டர் கேட்டார்:

"என்னம்மா, கல்யாணமா?"

"இல்லங்க. தோட்டத்துக்கு மந்திரி வாராரு. ஆரத்தி எடுக்கணும்."

"அப்ப ரோட்டுக் குழியெல்லாம் மூடியிருப்பாங்க. மாசத்துக்கு ஒருக்கா வரச் சொல்லுங்க!"

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேராதனை தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. வளைவுக்கு வளைவு குளிர் கூடி, தேயிலை வாசம் உள்ளே வந்தது.

என் தங்கை காமாட்சி, கலஹாவுக்கு மேலே மூன்று மைலில், தோட்டத்தின் மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில், இருக்கிறாள். அங்கே பஸ் நிற்கப் புதிதாகக் கட்டிய நிழற்குடையை, பஸ் ஹோல்டைத்தான், மந்திரி திறக்க வருகிறார். ஹோல்ட் வந்துவிட்டது, பஸ்தான் இல்லை. டீசல் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று டிப்போவில் நிறுத்திவிட்டார்கள். காமாட்சிக்கு முழங்கால் வீக்கம். மூன்று மைல் இறங்க முடியாமல் பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்கை இரண்டு தடவை தவறவிட்டாள். அன்றைக்கும் கிளினிக் நாள். பஸ்ஸைத் திருப்பித் தரச்சொல்லி மந்திரியிடம் தோட்டத்துச் சங்கத் தலைவர் கேட்பார் என்று ஏற்பாடு. நான் தட்டைப் பிடித்தால் போதும். அதுவே எனக்குப் பெரிய பயம். "நீ வராட்டி நானும் எடுக்கமாட்டேன்" என்று காமாட்சி சொல்லியனுப்பியிருக்காவிட்டால் போயிருக்கவே மாட்டேன்.

கலஹாவில் இறங்கி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு நடந்தேன். கண்டக்டர் சொன்னது சரி. குழிகளில் புதுச் சரளை கொட்டியிருந்தார்கள். ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் ஹோல்டின் முன்னால் நின்றோம். தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த நீர், வெற்றிலைமேல் சூடம்.

பத்தரைக்கு வளைவில் ஹார்ன் கேட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய ஜீப். "எடுங்க, எடுங்க!" என்று தலைவர் கத்தினார். மேளம் அடித்தார்கள். சூடத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றினோம். கதவு திறந்ததும் இறங்கியவர் நெற்றியில் பொட்டு வைத்து, நீரை வண்டிக்கு முன்னால் ஊற்றினேன். அவர் கூச்சத்தில் நெளிந்து, சிங்களம் கலந்த தமிழில் சொன்னார்:

"ஐயோ அம்மா, நான் டிரைவர்தானே. உள்ளுக்கு ஆள் இல்லை. மந்திரி மாத்தயாட குடை மட்டும்தான்."

எட்டிப் பார்த்தேன். பின் சீட்டில், நீட்டிப் படுத்தபடி, ஒரு கறுப்புக் குடை.

பின்னாலேயே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றில் ஒரு செயலாளர். அடுத்ததில் இன்னொரு செயலாளர். இருவருக்கும் கண்டியில் ஒரே கந்தோர், ஒரே ஆபீஸ்தானாம். ஒன்றில் மாலைகள். கடைசியில்தான் மந்திரி. ஊற்றிய ஆரத்தியை மறுபடி எடுக்கக்கூடாது. புதிதாகக் கரைக்க மஞ்சளும் இல்லை. வெறும் தட்டோடு நின்றோம்.

"என்னம்மா, எனக்கு ஆரத்தி இல்லையா?" என்றார் மந்திரி, சிரித்துக்கொண்டே.

தலைவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். காமாட்சி என் முதுகில் இடித்தாள். நானே சொன்னேன்:

"முன்னுக்கு வந்த வண்டிக்கு எடுத்திட்டோமுங்க."

"அதுல யாரு வந்தா?"

"யாரும் வரலங்க. ஒங்க குடை வந்திச்சு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் காமாட்சியின் முழங்கால் கண்ணில் பட்டது.

"குடைக்கு ஊத்துற டீசலை எங்க பஸ்ஸுக்கு ஊத்தினா, என் தங்கச்சி இவ கிளினிக்குக்குப் போயிருவா."

மந்திரி செயலாளர்களைப் பார்த்தார். அவர்கள் தங்கள் தங்கள் வண்டியைப் பார்த்தார்கள். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

"குடையை என் வண்டியில போடுங்க. அந்த ஜீப் இந்த அம்மாவை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வரட்டும். பஸ்ஸைப் பத்தி நாளைக்கே பேசுறேன்."

பின் சீட் மெத்தை மாதிரி இருந்தது. குடை கொடுத்துவைத்த குடைதான். காமாட்சி காலை நீட்டிக்கொண்டு, "அக்கா, நீயா பேசின?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பாதி வழியில் கைக்குழந்தையோடு இரண்டு பேர் மலையிறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். டிரைவர் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார்.

"ஏத்தவா, அம்மா?"

"ஏத்துங்க தம்பி. குடையை விடக் கொஞ்சம்தான் கனம்."

அன்றைக்குக் கிளினிக் தவறவில்லை. இரண்டு வாரத்தில் மேல்கணக்குக்குப் பஸ்ஸும் வந்தது, காலையில் ஒரு தடவை மட்டும். மாலையில் இன்னும் நடைதான்.

கண்டியில் நாங்கள் இருப்பது வாவிக்குக் கிட்ட. பெரஹரா ஊர்வலக் காலத்தில் பெரிய வண்டிகள் வரிசையாய்ப் போகும். முன்பெல்லாம் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது நின்று, ஒவ்வொரு வண்டிக்குள்ளும் எட்டிப் பார்க்கிறேன், யார் வந்திருக்கிறார்கள் என்று.