மூதூருக்குப் போன ஒரு வசனம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட, ஆஸ்பத்திரி வளவுக்குள் இருந்த ஒரு சின்ன அறையில்தான் எனக்கு முதல் வேலை. மருத்துவ ஆய்வுகளுக்கான புள்ளிவிபரவியல் என்று வேலையின் பெயரைச் சொன்னாலே சனம் முழிக்கும். "டொக்டரா?" "இல்லை." "நேர்ஸா?" "இல்லை." "அப்ப ஆஸ்பத்திரியில நீ என்னதான் பிள்ளை செய்யிறாய்?" என்று கேட்ட பக்கத்து வீட்டு மாமிக்கு நான் கடைசி வரை ஒழுங்கான பதில் சொன்னதில்லை. எனக்குப் பொறுமை கொஞ்சம் மட்டுத்தான்.

உங்களுக்காவது சொல்கிறேன். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் மலேரியா எட்டிப் பார்க்காத வீடு குறைவு. பழைய குளிசைக்கு, அதாவது மாத்திரைக்கு, காய்ச்சல் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. புதிதாக ஒரு குளிசை வந்திருந்தது. இரண்டில் எது நல்லது என்று பார்க்கத்தான் எங்கள் ஆய்வு. நோயாளி சம்மதித்தால், சீட்டுக் குலுக்கி எடுப்பது போல, இரண்டில் ஒன்று அவருக்கு விழும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். யாருக்கு எது போனது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டொக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒட்டிய உறை ஒன்று உண்டு. உள்ளே ஓர் எழுத்து மட்டும் இருக்கும். 'ஏ' என்றால் பழைய குளிசை, 'பி' என்றால் புதியது; அந்த அர்த்தம் ஆய்வு டொக்டர்களுக்கும் தெரியும். உறைகள் எல்லாம் என் அறையில் இரும்பு அலுமாரிக்குள். நோயாளியின் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் கேட்டால் மட்டும், அந்த ஒருவரின் உறையை நான் உடைக்கலாம். அதுவரை ஒன்றுகூட உடைபடவில்லை. அதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மூதூரில் இருந்து ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றார். முக்காடு தோளில் சரிந்து கிடந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. கையில் மூதூர் டொக்டர் எழுதிய துண்டு. அவருடைய கணவர் எங்கள் ஆய்வில் சேர்ந்த, வயல் செய்கிற ஒரு கமக்காரர். காய்ச்சல் மூளைக்கு ஏறி, ஆள் நினைவில்லாமல் கிடக்கிறார். உடனே நரம்பு வழியாகக் குயினைன் ஏற்ற வேண்டும். ஆனால் அவர் குடித்தது புதிய குளிசையாக இருந்தால், அதற்கு மேல் குயினைன் ஏற்றினால் இதயத்துக்கு ஆபத்து. வேறு வழிதான் பார்க்க வேண்டும். அவர் குடித்தது எது? இதுதான் டொக்டரின் கேள்வி. டெலிபோன் பல நாளாக வேலை செய்யவில்லை. அதனால் துண்டு எழுதி, பயணிகள் படகான லோஞ்சில் குடாவைக் கடந்து ஆளை அனுப்பியிருந்தார்.

"ஆம்பிளையள் வந்தா காவலரண்ல மறிச்சு வெச்சிருவாங்க தங்கச்சி. அதான் நானே வந்திட்டன்" என்றார்.

அலுமாரியைத் திறந்து அந்த உறையை எடுத்து உடைத்தேன். 'ஏ'. பழைய குளிசை. அப்பாடா, குயினைனைத் தாராளமாக ஏற்றலாம். பதில் எழுதிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் படகு ஜெட்டிக்குப் போனேன். அதே லோஞ்சில் திரும்பினால் அவர் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்.

லோஞ்சு கட்டிக் கிடந்தது. கடலில் ஏதோ நடந்துவிட்டதாம், இனி ஒரு படகும் போகாது என்றார்கள். என்ன நடந்தது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. தரைப் பாதை ஏற்கெனவே அடைபட்டுக் கிடந்தது. அந்தப் பெண் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "அல்லாவே, அவரு மௌத்தாயிருவாரே" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெட்டிக்குப் பக்கத்தில் கடற்படைக் காவலரண். அதன் மேல் ரேடியோக் கம்பம் நீட்டிக்கொண்டு நின்றது. மூதூரிலும் அவர்களுக்கு முகாம் உண்டு என்று எனக்குச் சட்டென்று ஓடியது. ஒரு தமிழ்ப் பெண் தானாக ஒரு காவலரணை நோக்கி நடப்பது அந்த நாட்களில் லேசான காரியமில்லை. அம்மா கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பா. நடந்தேன். காவலுக்கு நின்றவர் துவக்கைத் தூக்கினார். உள்ளே இருந்து ஓர் அதிகாரி வந்தார். முப்பது வயது மட்டில், மெலிந்த ஆள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "மூதூர் ஆஸ்பத்திரிக்கு ஓர் எழுத்து அனுப்ப வேண்டும். 'ஏ'. அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. யுத்த காலம், கடற்படை ரேடியோ, முன்பின் தெரியாத தமிழ்ப் பெண், ஒற்றை எழுத்து! அவர் என் துண்டை வாங்கி, திருப்பி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். அடையாள அட்டையைக் கேட்டார். ஆய்வையும் உறையையும் பற்றி நான் விளக்கிச் சொன்னதும், இதை எழுதியது யார், இன்னும் எத்தனை உறை இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று துருவினார். கடைசியில், "தனி எழுத்தை என்னால் அனுப்ப முடியாது. அங்கே டொக்டர் என்ன செய்ய வேண்டுமோ அதை நேராகச் சொல்லுங்கள், அதை அனுப்புகிறேன்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "டொக்டரைத் தவிர வேறு ஒருவருக்கும் சொல்லக் கூடாது. அது ஆய்வின் விதி" என்றேன். துவக்கோடு நிற்கிறவர்களுக்கு நடுவில் நின்று விதி பேசுகிறேன், பாருங்கள்!

அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, அவரு என்ன கேக்காரு?" என்றார். சொன்னேன்.

"சொல்லுங்களன்! யாருக்கு மறைக்கீங்க? அவர்ர பொண்டாட்டி நான் இஞ்ச நிக்கன்!"

சுருக்கென்று தைத்தது. ஆங்கிலத்தில் ஒரு தரம், அவருக்காகத் தமிழில் ஒரு தரம் சொன்னேன்: "அவர் குடித்தது பழைய குளிசை. குயினைன் ஏற்றலாம்."

அதிகாரி நோயாளியின் பெயரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். ரேடியோவில் அவர் சிங்களத்தில் பேசுவது வெளியே கேட்டது. 'குயினைன்' என்ற சொல்லை மட்டும் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது போல இழுத்து இழுத்துச் சொன்னார். பிறகு வெளியே வந்து, அந்தப் பெண்ணுக்கு ஒரு கதிரை போட்டார். மூதூர் முகாமில் இருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், பதில் வரும் வரை இருங்கள் என்றார்.

இருந்தோம். கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவருக்கு விழுந்தது பழசுதான். புதுசு விழுந்திருந்தா இப்பிடி வந்திரிக்காதோ தங்கச்சி?"

பல்கலைக்கழகத்தில் எத்தனையோ சோதனை எழுதினேன், இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வே என்று விளக்கம் சொல்லியிருக்கலாம். "தெரியாது அக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது" என்றேன். சொல்லிவிட்டு அழத் தொடங்கிவிட்டேன். புருஷன் உயிருக்குப் போராடுகிறார், பெண்சாதி அழவில்லை, நான் அழுகிறேன். வெட்கக்கேடு.

அவர் என் கையைப் பிடித்தார். "அழாதீங்க. எது நல்லதெண்டு தெரியா, பாக்கத்தான் போறம் எண்டு டொக்டர் முதல்லயே சொன்னவரு. பொறகு வாற புள்ளயளுக்கெண்டாலும் ஒதவட்டும் எண்டுதான் இவரு ஓம் எண்டவரு."

வெயில் சரியத் தொடங்கிய நேரம் அதிகாரி வெளியே வந்தார். எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தவர், நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணிடம் போனார். தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "மருந்து போகுது அம்மா. போகுது, போகுது" என்று, கையை உயர்த்திச் சேலைன் போத்தல் போலப் பிடித்துக் காட்டினார். அப்போதுதான் அந்தப் பெண் ஓவென்று அழுதார். மேலிடத்தில் கேட்டுத்தான் அவர் இதைச் செய்தாரா, தன் பொறுப்பில் செய்தாரா, அதனால் அவருக்குப் பிறகு ஏதும் பிரச்சினை வந்ததா, ஒன்றும் எனக்குத் தெரியாது. பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று பிறகு எத்தனையோ தரம் என்னையே ஏசியிருக்கிறேன்.

அன்றைக்கு அவர் எங்கள் வீட்டில்தான் தங்கினார். ஹலால் இறைச்சிக்கு எங்கே போவது என்று அம்மா பதறவும் தேவையிருக்கவில்லை, வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான். மறுநாள் லோஞ்சு ஓடியது. திரும்பி வந்த லோஞ்சில் செய்தியும் வந்தது: கண் திறந்துவிட்டார், கஞ்சி கேட்டாராம்.

சில வாரங்கள் கழித்து, கடைசி இரத்தப் பரிசோதனைக்கு அந்தக் கமக்காரரே நகரத்துக்கு வந்தார். சேட்டு உடம்பில் தொங்கியது. இரத்தம் கொடுத்துவிட்டுப் போகாமல் என் வாசலில் தயங்கி நின்றார். 'எனக்கு ஏன் பழசு விழுந்தது' என்று கேட்கப் போகிறாரோ என்று பயந்தேன்.

"மிஸ், என்ட உறைய ஒடைச்சிட்டீங்களெண்டு வீட்ட சொன்னாங்க. அப்ப நான் குடிச்ச மருந்து, குடுத்த ரத்தம் எல்லாம் வீணாப் போச்சா? என்னைய இனிக் கணக்கில சேக்க மாட்டீங்களா?"

சாவின் வாசல் வரை போய் வந்த மனிதருக்கு இதுதான் கவலை!

"சேர்ப்பம் ஐயா. நீங்கள் ஓம் எண்டு சொல்லி எங்களோட சேர்ந்த அண்டைக்கே கணக்குக்குள்ள வந்திட்டீங்கள். இடையில என்ன நடந்தாலும் உங்களை வெளியில விட ஏலாது" என்றேன். அது எங்கள் துறையின் விதி. சோதனைக்காகப் பாடமாக்கியிருந்தேன். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"அப்ப சரி" என்று சிரித்துவிட்டு, லோஞ்சைப் பிடிக்க நடந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகளில் வேலை செய்துவிட்டேன். ஆய்வின் இடையில் ஏதாவது குழப்பம் வந்தவர்களைக் கணக்கில் இருந்து கழித்துவிட்டால் முடிவு அழகாக வரும் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எத்தனையோ பேர் ஒருவருடைய கணக்கிலும் சேராமலே காணாமல் போன அந்தக் காலத்தில், என்னையும் சேர்ப்பீங்களா என்று கேட்டு வந்த ஒரு மனிதருக்கு 'ஓம்' என்று சொல்ல முடிந்தது, அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த வேலையை நான் இன்னும் விடவில்லை.