சிலிண்டர் லாரிக்குக் காட்டிய சூடம்

குப்பனூரில் மலைச்சாலை தொடங்கும் இடத்தில் ஒரு முனியப்பன் கோயில் இருக்கிறது. அதற்கு நூறு தப்படி கீழே ஒரு தகரக் கொட்டகை. வாரத்தில் நான்கு நாள் காலை எட்டு மணிக்கு நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். ஏற்காட்டுக்குச் சமையல் கேஸ் சிலிண்டர் ஏற்றிப்போகும் லாரியை, மலை ஏறும் முன் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. முப்பத்தொரு வருடம் அதே மாதிரி லாரியை ஓட்டியவன். எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்ததால், கண் மங்கிய பிறகு ஏஜென்சியில் இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

சோதனைத் தாளில் பத்தொன்பது கேள்விகள். தீயணைப்பான் இரண்டும் நிரம்பியிருக்கின்றனவா, சைலன்சர் வாயில் தீப்பொறியைத் தடுக்கும் வலை இருக்கிறதா, சிலிண்டர்கள் எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றனவா, ஓட்டுநரைத் தவிர வேறு யாராவது ஏறியிருக்கிறார்களா. பதினேழாவது, வண்டிக்குப் பக்கத்தில் நெருப்பு உண்டா என்பது. எவ்வளவு பக்கம் என்று தாளில் இல்லை. நான் நூறு தப்படி என்று வைத்துக்கொண்டேன்.

இந்த வழியாக ஏறும் எந்த வண்டியும் முனியப்பனைக் கும்பிடாமல் போகாது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசாரி சூடத் தட்டோடு வண்டியைச் சுற்றி வருவார். பஸ், ஜீப், மிளகு வாங்க மாரமங்கலம் போகும் டெம்போ, எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். சிலிண்டர் லாரிக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்திருந்தேன். வண்டி என் கொட்டகையருகே நிற்கும். ஓட்டுநர் நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு, திருநீறு கொண்டுவந்து பம்பரில் பூசுவார்.

ஒன்பது வருடமாக அந்த லாரியை ஓட்டியவர் என் மனைவியின் தம்பி. வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

சென்ற ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, லாரி கொட்டகையருகே நிற்காமல் என்னைத் தாண்டிப்போய்க் கோயில் வாசலில் நின்றது. நான் எழுந்து நடந்தேன். அறுபத்திரண்டாவது தப்படியில், பூசாரி தட்டோடு வண்டியின் பின்பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். சூடம் நன்றாக எரிந்துகொண்டிருந்தது. எண்பத்தெட்டாவது தப்படியில் கேஸ் நாற்றம் வந்தது. கேஸ் காற்றைவிடக் கனமானது, சரிவில் இறங்கித்தான் வரும். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நூற்றெண்பது சிலிண்டர் என்று மட்டும் மனதில் ஓடியது. தட்டை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் நடந்துபோய் மண்ணைப் போட்டு அணைத்தேன். பூசாரி ஒன்றும் புரியாமல் நின்றார்.

வண்டியில் ஏறி சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது, மூன்றாவது வரிசையில் ஒரு சிலிண்டரின் வாயில் நுரை மெதுவாகப் பெருகியது. அதன் மூடியை இறுக்கியதும் நின்றது. அதைத் தனியே இறக்கி வெட்டவெளியில் வைத்தோம். ஏன் இப்படிச் செய்தாய் என்று மைத்துனரைக் கேட்டேன்.

"போன வாரம் ஒம்பதாவது வளைவுல பிரேக் புடிக்கலீங்க மாமா. எப்படியோ ஒடிச்சு நிறுத்துனேன். வண்டிக்கில்லீங்களா கண்டம்? நூறு தப்படி தள்ளிக் காட்டுன சூடம் வண்டிக்கு எப்படிங்க சேரும்?"

பிரேக் விஷயத்தை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் எழுதுவேன், வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்றார். முனியப்பனிடம் சொன்னால் போதும் என்று நினைத்திருக்கிறார்.

பதினேழாவது கேள்விக்கு எதிரே ஆம் என்று எழுதினால் அவருக்கு வேலை போகும். போனை எடுத்துக்கொண்டு வண்டியை விட்டு நூறு தப்படி நடந்து, வீட்டுக்குப் பேசினேன். நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னேன்.

"ஏனுங்க, அவனுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குது. ஒன்னும் ஆகலைல்ல? எழுதாம உட்டா என்னங்க கெட்டுப்போவுது?"

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு எழுதினேன். பிரேக்கையும் சேர்த்து எழுதினேன். ஏஜென்சி மேனேஜரிடம் போனில் படித்துக் காட்டியபோது, கொட்டகைக்கு இறக்கி நிறுத்தியபின் மைத்துனர் அந்த வண்டியைத் தொடக் கூடாது, மெக்கானிக்கையும் வேறு ஓட்டுநரையும் சேலத்திலிருந்து அனுப்புகிறேன் என்றார்.

சரக்கு ஏற்றிய வண்டியை ஆளில்லாமல் விடக் கூடாது. அது பதினோராவது கேள்வி. ஆகவே நான் காத்திருந்தேன். மைத்துனர் போயிருக்கலாம், போகவில்லை. வண்டியை முதல் கியரிலேயே மெதுவாகக் கொட்டகைக்கு இறக்கி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான்கு பஸ் போயிற்று. ஐந்தாவது பஸ் போனதும் கேட்டார்.

"உங்க காலத்துல நீங்க வண்டிக்குக் காட்டுனதே இல்லீங்களா மாமா?"

"மொத பதினோரு வருஷம் காட்டியிருக்கேன்."

"யாரும் எழுதலீங்களா?"

"எழுதறதுக்கு ஆள் இல்ல, மாப்பிளே."

அவர் தலையாட்டினார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு ஏதாவது தோன்றியிருக்கும்.

மதியம் மெக்கானிக் வந்து பிரேக்கைச் சரிசெய்து, கீழே ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். நான் பத்தொன்பது கேள்விகளையும் மறுபடி கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். மைத்துனர் புது ஓட்டுநரிடம் சாவியைக் கொடுத்து, எந்த வளைவில் எந்த கியரில் ஏற வேண்டும் என்று விவரமாகச் சொன்னார். அந்த ஓட்டுநர் நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வரும்வரை மைத்துனர் வண்டியருகே நின்றார். லாரி முதல் வளைவில் மறைந்தது.

நாங்கள் வீட்டுக்குப் போக, ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸுக்கு நின்றோம்.

"நீங்க எழுதிட்டீங்கன்னு அக்காகிட்ட நானே சொல்லிக்கறனுங்க மாமா. நீங்க வாயத் தொறந்தா சண்டையாயிரும்."

சரி என்றேன். பஸ் வந்ததும் அவர் முதலில் ஏறி, ஜன்னலோரம் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.